ஒன்பதாம் பங்கேற்பாளரின் விளக்கம்

"மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் நான் உன் பக்கம்தான்."

"இப்படித்தான் சொல்வீங்க. தலைவர் இருமினாலே நோட்டைத் திறந்து எழுத ஆரம்பிச்சுடுவீங்க."

"அது போன வருஷம்."

"போன மாசம்."

"சரி, போன மாசம். இந்தத் தடவை பாரு. கூட்டத்துல நீ திரையில ஏழாவது படத்தைக் காட்டி முடிச்சதும் நான் கண்ணாடியைக் கழட்டுவேன். அதுதான் அடையாளம். அப்புறம் எழுந்து நின்னு, 'புகார் பொத்தான் முன்பக்கத்துக்கு வரணும், நான் வழிமொழியறேன்'னு சொல்வேன். போதுமா?"

"எழுந்து நின்னா?"

"எழுந்து நின்னு."

இந்தப் பேச்சு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்கள் வீட்டுச் சமையலறையில். அவளுடைய தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னான் கணவன். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் கோப்பைக்கு அவளே சர்க்கரை போட்டுக்கொண்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட மனிதன் சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வாள்? அதோடு, கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவன் முகம் சட்டென்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முகமாகிவிடும். அந்த முகத்தின் மேல் அவளுக்கு இன்னமும் ஒரு கிறுக்கு உண்டு.

இருவருக்கும் வேலை நகரக் குடிநீர் வாரியத்தில். அவன் இணையதளப் பிரிவில் துணை மேலாளர். ஆறு வருஷமாகத் துணை. அவள் ஒப்பந்தப் பணியில் வந்த பயன்பாட்டு ஆய்வாளர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். தெருவில் போகிற சாதாரண மனிதர்களைக் கூப்பிட்டு, வாரியத்தின் இணையதளத்துக்கு முன்னால் உட்காரவைத்து, "இதைக் கண்டுபிடிங்க" என்று ஒரு வேலையைக் கொடுப்பாள். அவர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்வாள். உதவி செய்யக் கூடாது. கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது. வாரியத்தில் அவளுக்கு 'சோதனை மேடம்' என்று பெயர். அதை மரியாதையாகச் சொன்னவர்கள் குறைவு.

வாரியம் அவளை வேலைக்கு வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 'சிறந்த பொதுச்சேவை இணையதளம்' என்ற விருதுக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டார் தலைவர். விண்ணப்பத்தின் பத்தொன்பதாம் கேள்வி, "பொதுமக்களைக் கொண்டு சோதித்தீர்களா?" என்று இருந்தது. ஆமாம் என்று எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. சோதித்ததில் என்ன தெரிந்தது என்று கேட்க இருபதாம் கேள்வி ஏதும் இல்லை.

அந்த இணையதளத்தின் முன்பக்கத்தில் இருபத்தேழு பொத்தான்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அவற்றின் வரிசை பிடிபடாது. அகரவரிசையும் இல்லை, அவசரத்தின் வரிசையும் இல்லை. அது பணிமூப்பு வரிசை. தலைவரின் பக்கம் முதலில், செயலரின் பக்கம் அடுத்து, அப்படியே கீழே. யாருக்காவது பதவி உயர்வு வந்தால் மறுநாள் காலை அவருடைய பொத்தான் ஒரு படி மேலே ஏறும். ஏறாவிட்டால் அவர் விடுப்பில் போய்விடுவார். ஓய்வுபெற்றவர்களின் பொத்தான்களை எடுப்பது நன்றிகெட்ட செயல் என்பதால் அவையும் அப்படியே இருந்தன. காலமாகிவிட்ட ஒரு தலைமைப் பொறியாளரின் பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும். அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் வருஷத்தில் ஒரு நாள் எல்லா ஊழியர்களும் அதை ஒரு முறை அழுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு.

புகார்ப் பிரிவு யாருக்கும் பிடிக்காத இடம். அதனால் அதை எப்போதும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் தலையில் கட்டுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவருக்குப் பணிமூப்பு கிடையாது. பணிமூப்பு இல்லாதவருக்கு முன்பக்கத்தில் பொத்தான் கிடையாது. ஆகவே, 'எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை' என்று சொல்ல விரும்பும் ஒருவர் போக வேண்டிய பாதை இது: முகப்பு, நம் பாரம்பரியம், ஓய்வுபெற்றோர் நினைவலைகள், இதர, படிவங்கள், பிற்சேர்க்கை நான்கு.

நேரில் போய்ச் சொல்லலாமே என்றால், 'இணையமே முதல்' என்ற திட்டத்தின் கீழ் கவுண்டர்களை எல்லாம் மூடி ஒரு வருஷம் ஆகிறது. தொலைபேசியில் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் இனிமையாக இணையதளத்தின் முகவரியை மூன்று தரம் சொல்லிவிட்டு வைத்துவிடும். வாசல் காவலாளியிடம் போய் நின்றால் அவரும் அதே முகவரியைச் சொல்வார், அவ்வளவு இனிமை இல்லாமல்.

அவள் ஒன்பது பேரைச் சோதித்தாள். ஒன்பது பேருக்கும் ஒரே வேலைதான்: "உங்க வீட்டுக்கு ஒரு வாரமா தண்ணி வரலை. புகார் பதிவு பண்ணுங்க."

செவிலியர் ஒருவர் 'அவசரம்' என்ற பொத்தானைப் பார்த்து ஆசையோடு அழுத்தினார். நேரம் தவறாமை பற்றித் தலைவர் ஆற்றிய அவசர உரை வந்தது. டாக்சி ஓட்டுபவர் 'தொடர்பு' என்பதை அழுத்தினார். தலைவர் தொலைபேசியில் பேசுவது போன்ற ஒரு புகைப்படம் வந்தது. "யார்கிட்டம்மா பேசறாரு இவரு? என்கிட்ட இல்லையே?" என்று கேட்டார். கல்லூரி மாணவி ஒருத்தி மட்டும் பதினான்காவது முயற்சியில் பிற்சேர்க்கை நான்கைக் கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்தவளுக்கே கை தட்டிவிடலாம் போல் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம், "புகாரைப் பதிவு செய்ய உங்கள் புகார் எண்ணை உள்ளிடவும்" என்று கேட்டது. மாணவி அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "அக்கா, நான் கிளம்பறேன்" என்று போய்விட்டாள்.

ஒன்பதாவது ஆள், அவளுடைய மாமனார்.

அவரை அவள் கூப்பிடவில்லை. அவராகத்தான் வந்தார். முப்பத்தோரு வருஷம் அதே வாரியத்தில் குழாய் பொருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு முறை இரும்புக் குழாய் நழுவி விழுந்ததில் வலது ஆள்காட்டி விரலில் ஒரு கணுவைக் கொடுத்துவிட்டு வந்தவர். மனைவி போன பிறகு ஊரின் அந்தக் கோடியில், பழைய குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அவர் தெருவுக்கு ஏழு மாசமாகத் தண்ணீர் ஏறவில்லை. தரையோடு இருக்கும் தெருக்குழாயில் நூல் மாதிரி வடியும். அதைக் கேனில் பிடித்து மூன்று மாடி தூக்க வேண்டும். புதன்கிழமை தோறும் அவள் கணவனுக்குத் தெரியாமல் போய்த் தூக்கிக் கொடுத்துவிட்டு வருவாள். மற்ற ஆறு நாளும் அவரே தூக்குவார்.

"எந்த வால்வுன்னு எனக்குத் தெரியும்மா. முனையில, பேக்கரி வாசல்ல இருக்கு. யாரோ ரிப்பேருக்கு மூடிட்டு முழுசாத் திறக்காமப் போயிட்டான். அரைச் சுத்து. அரைச் சுத்து திருப்பினா தெரு முழுக்க ஏறிடும்."

"அப்போ உங்க பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன் மாமா. இல்லை நான் சொல்றேன்."

"மூச்சு விடக் கூடாது. உள்ளே இருக்கிறவனோட அப்பன்னு வால்வு திறந்தா நல்லாவா இருக்கும்? நாங்க இருந்தப்போ அப்படி ஒரு வேலை செஞ்சதில்லை. புகார் எழுதறேன். எல்லாரையும் மாதிரி வரிசையில நிக்கறேன்."

அவர் அப்படித்தான். யாரிடமும் ஒன்று கேட்டுப் பழக்கமில்லாதவர். இவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், பாதிச் சாப்பாட்டில் விக்கல் எடுத்தாலும் வாய் திறந்து தண்ணீர் கேட்க மாட்டார். இடது கையால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தானே போய்ப் பிடித்துக் குடித்துவிட்டு வந்து உட்காருவார். கல்யாணமான புதிதில் அவள் பதறிப்போய், "கேட்டிருக்கலாமே மாமா" என்பாள். அவர் சிரிப்பார். மகன் தொலைபேசியில், "தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதாப்பா?" என்று கேட்கும்போதும், "அதுக்கென்ன குறைச்சல்" என்பார். மகன் அந்த வீட்டுப் படியேறியும் ஏழு மாசம் ஆகிறது.

சோதனையில் அவர் பதினோரு நிமிடம் நாற்பது விநாடி போராடினார். அவள் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'நம் பாரம்பரியம்' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். விதி என்றால் மாமனாருக்கும் விதிதான். கடைசியில் அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தப்பு என் மேலதாம்மா. கண்ணாடி மாத்தணும். நீ இதை உன் பெரியவங்ககிட்டக் காட்டு. படிச்சவங்க, பார்த்தாப் புரிஞ்சுக்குவாங்க. அந்தப் பொத்தானை முன்னால கொண்டுவந்துட்டா நான் எழுதிடுவேன்."

அதனால்தான் அவளுக்கு அந்த ஏழாவது படம் உயிராக இருந்தது. 'புகார் பொத்தானை முன்பக்கத்துக்குக் கொண்டு வரவும்.' அவ்வளவுதான் அதில். கணவன் வழிமொழிந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மாமா வரிசையில் நிற்கலாம்.

வாரியத்தில் ஒரு கூட்டம் என்றால் அதற்கு முன்கூட்டம் இருக்கும். முன்கூட்டத்துக்கு ஒத்திகை இருக்கும். ஒத்திகையில் விளம்பர அதிகாரி அவளுடைய படங்களைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"சிவப்பு வேண்டாம்மா. தலைவருக்குச் சிவப்பைப் பார்த்தா தலைவலி."

"தோல்வியைக் காட்டத்தான் சார் சிவப்பு."

"அந்த வார்த்தையும் வேண்டாம். 'இன்னும் எட்டப்படாத வெற்றி'ன்னு போடுங்க."

"ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட முடிக்கலையே?"

"'ஒன்பது பேரும் கடைசிவரை ஆர்வம் குறையாமல் ஈடுபட்டனர்.' பாருங்க, இதுவும் உண்மைதானே?"

பூஜ்யத்தை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கணவன்தான் சமாதானம் செய்து வைத்தான். பூஜ்யத்துக்குள் வாரியத்தின் நீர்த்துளிச் சின்னத்தைப் போட்டுவிடலாம் என்றான். போட்டார்கள். தோல்வி பார்க்க அழகாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, "பார்த்தியா, உனக்காக எப்படிப் பேசினேன்" என்றான். அவளும் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கூட்டம் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. நீளமான மேசையைச் சுற்றிப் பதினோரு நாற்காலிகள், அதுவும் பணிமூப்பு வரிசையில். ஒவ்வொருவர் முன்னாலும் கடையில் வாங்கிய ஒரு தண்ணீர் பாட்டில், மூடி முறிக்காமல். வாரியத்தின் குழாயில் வருகிற தண்ணீரைக் கூட்ட அறையில் வைக்கும் வழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. கணவன் பத்தாவது நாற்காலியில் இருந்தான். அவள் உள்ளே வந்தபோது காதைத் தடவிக்கொண்டு லேசாகக் கண் சிமிட்டினான்.

தலைவர் தொடங்கி வைத்தார். "மக்கள்தான் நம்ம எஜமானர்கள். எஜமானர் வந்து வேலைக்காரன் கதவைத் தட்டலாமா? அது அவங்களுக்குத்தானே அவமானம்? அதனாலதான் நாம கதவையே எடுத்துட்டோம்."

கை தட்டினார்கள். அவள் முதல் படத்தைக் காட்டினாள். ஒன்பதில் பூஜ்யம் என்றாள். எல்லோரும் நீர்த்துளிச் சின்னத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்கள்.

செயலர் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன விஷயம். கவுண்டர் இருந்தப்போ மாசத்துக்கு நாலாயிரம் புகார் வரும். போன வருஷம் பூராவும் நாலே நாலு. இதுக்கு என்னம்மா அர்த்தம்? ஊரே திருப்தியா இருக்குன்னுதானே?"

"புகார் பக்கம் யார் கண்ணுலயும் படலைன்னு அர்த்தம் சார்."

"நாலு பேர் கண்ணுல பட்டிருக்கே?"

"அதுல மூணு, ஏதோ ஒரு எண்ணைப் போட்டு நான் சோதிச்சுப் பார்க்க அனுப்பினது."

"நாலாவது?"

"தலைவருக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்து."

"பார்த்தீங்களா!" என்றார் செயலர், மேசையைத் தட்டி. தலைவர் அடக்கமாகக் குனிந்துகொண்டார்.

சட்ட ஆலோசகர் விரலை உயர்த்தினார். "புகாருக்கு ஒரு பக்கம் இருக்கணும்னுதான் விதி சொல்லுது. இருக்கு. அது கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கணும்னு எந்த விதியும் சொல்லலை. நான் மூணு தடவை படிச்சுப் பார்த்துட்டேன்."

தலைமைப் பொறியாளர் இன்னும் வெளிப்படையான மனிதர். "புகார் வந்தா வால்வைத் திறக்கணும். இங்கே திறந்தா அங்கே குறையும். அங்கேயிருந்து ஒரு புகார் வரும். இப்போ யாரும் கேக்கறதில்லை, யாருக்கும் குறையலை. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பார்த்த நிம்மதியான வருஷம் இதுதான்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். தலைவர் இருமக்கூட இல்லை.

ஆறாவது படம் வீடியோ. பங்கேற்பாளர்களின் முகமும் பெயரும் வெளியே தெரியக் கூடாது என்பது ஆய்வின் விதி. திரையும், மவுஸைப் பிடித்த கையும் மட்டும் தெரியும். 'பங்கேற்பாளர் ஒன்பது' என்று எழுத்து வந்தது. பிறகு அந்தக் கை வந்தது. காய்த்துப்போன, நரம்பு புடைத்த கை. ஆள்காட்டி விரலில் ஒரு கணு குறைந்த கை. அது மவுஸை இறுக்கிப் பிடித்து, ஒரு பொத்தானுக்கு மேலே நின்று, தயங்கி, நகர்ந்து, இன்னொன்றுக்கு மேலே போய் நின்றது. மங்கலாக ஒரு முனகல்: "இது இல்லை போலிருக்கே..."

"இவர் பிடிக்கிறதைப் பார்த்தா மவுஸ் மாதிரியா இருக்கு? ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி இருக்கு!" என்றார் விளம்பர அதிகாரி.

அறை குலுங்கியது. தலைமைப் பொறியாளருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் வரும் குழாயையும் அந்தக் கைதான் ஸ்பேனர் பிடித்துப் பொருத்தியது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இன்னொருவன் பத்தாவது நாற்காலியில் இருந்தான். நடை பழகிய நாளில் அந்த மொட்டை விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தெருவில் நடந்தான். அதை அவனே எத்தனையோ முறை அவளிடம் சொல்லியிருக்கிறான்.

அவனும் சிரித்தான். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை. உதட்டோரம் மட்டும்.

பார்த்திருக்க மாட்டான், நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனைவிகளுக்கு இப்படிச் சொல்லிக்கொள்ளும் வித்தை கைவந்தது. ஏழாவது படத்துக்கு மாற்றினாள். 'புகார் பொத்தானை முன்பக்கத்துக்குக் கொண்டு வரவும்.' படித்தாள். நிறுத்தினாள்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

அவளுக்கு உயிர் வந்தது. அவன் கைக்குட்டையை எடுத்தான். கண்ணாடியைத் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு எழுந்து நின்றான். அந்த ஒன்றை மட்டும் சொன்னபடியே செய்தான்.

"ஆய்வு ரொம்பச் சிறப்பா நடந்திருக்கு. ஆனா, முடிவுல எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு. குறை இணையதளத்துலயா, பயனர்கள்கிட்டயான்னு நாம யோசிக்கணும். உதாரணத்துக்கு, அந்த ஒன்பதாவது நபர் மாதிரி ஆட்களை வெச்சு நம்ம தளத்தை எடை போடறது நியாயமில்லை. அவங்களுக்கு முதல்ல பயிற்சி தேவை. அதுக்குன்னு 'பயனர் மேம்பாட்டுப் பிரிவு' ஒண்ணு ஆரம்பிக்கலாம். ஒரு குறிப்பு தயார் பண்ணியிருக்கேன்."

குறிப்பு ஏற்கெனவே பன்னிரண்டு பிரதிகள் எடுக்கப்பட்டு, மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவதாக ஒன்று அவள் கைக்கும் வந்தது. நான்கு பக்கம். நல்ல தாள். மேலே, வலது மூலையில், தேதி இருந்தது. சனிக்கிழமை.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். சமையலறையில் அவள் கோப்பையில் அவன் சர்க்கரை கலக்கியது அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

"இதுதான் எனக்கு வேண்டியது!" என்றார் தலைவர். "எல்லாரும் இணையதளத்தைத் திருத்தறாங்க. மக்களைத் திருத்தணும்னு இதுவரைக்கும் யாருக்காவது தோணுச்சா?"

அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. புதிய பிரிவுக்கு மேலாளராகக் கணவன் நியமிக்கப்பட்டான். அந்தப் பதவியின் மூப்புக்கு ஏற்ப முன்பக்கத்தில் ஒன்பதாம் இடத்தில் அவனுக்கு ஒரு பொத்தான். இருபத்தெட்டாவது பொத்தான். புகார் பக்கம் பாரம்பரியம் கருதி இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய பிரிவின் முதல் பணியாக, சோதனையில் கலந்துகொண்டு வெற்றியை எட்டாத ஒன்பது பேரிடமும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார் சட்ட ஆலோசகர். ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அவர்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது? எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. வாரியத்தின் சரித்திரத்தில் ஒரு தீர்மானம் எடுத்த அன்றே நிறைவேறியது அதுதான் முதல் தடவை. மூன்றரை மணிக்கெல்லாம் ஒன்பது நோட்டீசும் தயார். ஒன்பதிலும் புது மேலாளரின் கையெழுத்து. முகவரிகள் ரகசியம் என்பதால் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு சோதனை மேடத்துக்கு.

தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தான் அவன். முகம் மலர்ந்திருந்தது. கொஞ்சம் வியர்த்தும் இருந்தது.

"கோபமா?"

"தேதி சனிக்கிழமை போட்டிருக்கு."

"அது டைப் பண்ணவன் தப்பு. இங்க பாரு, ஆறு வருஷமாத் துணை. நான் மேலே போனாத்தானே நாளைக்கு உன் பொத்தானை நானே எடுத்து வைக்க முடியும்? நமக்காகத்தானே?"

"அந்தக் கையைப் பார்த்தீங்களா?"

"எந்தக் கை?"

சொன்ன அதே நேரத்தில் அவனுடைய இடது கை தன் வலது ஆள்காட்டி விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டது. அது அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லை" என்றாள். ஒன்பது உறைகளையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். சண்டை போடலாம், அழலாம், தாளைக் கிழித்து எறியலாம். எதற்கும் தெம்பு இல்லை. புதன்கிழமை. மாமாவுக்குத் தண்ணீர் தூக்க வேண்டும்.

அவர் தெருக்குழாய் அருகே கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். கேன் நிறைய இன்னும் நான்கு விரல் வேண்டியிருந்தது. வெயில் தாழ்ந்து மூன்றாம் மாடி ஜன்னல்களில் மட்டும் மிச்சம் இருந்தது. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார். முகத்தில் புதுக் கண்ணாடி.

"நல்லா இருக்கா? சொன்ன மாதிரி மாத்திட்டேன். இனிமே கண்ணு மேல பழி போட முடியாது. என்னாச்சும்மா, பொத்தானை முன்னால வெச்சுட்டாங்களா?"

அவள் கைப்பையைத் திறந்தாள். "ஒரு புதுப் பொத்தான் வெச்சிருக்காங்க மாமா" என்றாள்.

"அதானே பார்த்தேன். காட்டினாப் புரிஞ்சுக்குவாங்க. படிச்சவங்கல்ல."

பொய் சொல்லவும் முடியவில்லை, மெய் சொல்லவும் முடியவில்லை. அதிகாரப்பூர்வமான காகிதம் பேசட்டும் என்று உறையை எடுத்து நீட்டினாள். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அந்த நேரத்தில்தான் தெருமுனையில் ஒரு கார் வந்து நின்றது. பேக்கரி வாசலில், அந்த வால்வு மூடியின் மேலேயே சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டுக் கணவன் இறங்கினான். கையில் ஒரு கேக் பெட்டி. பதவி உயர்வை அப்பாவிடம் நேரில் சொல்ல வந்திருக்கிறான். ஏழு மாசத்துக்குப் பிறகு.

"அப்பா! உங்களுக்கு ஒரு நல்ல சேதி..." என்று சிரித்துக்கொண்டே வந்தவன், மனைவியைப் பார்த்தான். குழாயடியில் இருந்த கேனைப் பார்த்தான். நூல் மாதிரி வடிந்துகொண்டிருந்த குழாயைப் பார்த்தான். "நீ இங்கே என்ன பண்றே? இது என்ன, ஏன் கேன்ல பிடிக்கறீங்க?"

"இரு தம்பி. ஒரு காகிதம் வந்திருக்கு, படிச்சுடறேன்" என்றார் அப்பா.

புதுக் கண்ணாடிக்கு நேராகத் தாளைப் பிடித்துக்கொண்டு, முதல் முறை படிக்கும் குழந்தையைப் போல வார்த்தை வார்த்தையாகப் படித்தார்.

"'ஒன்பதாம் பங்கேற்பாளர் அவர்களுக்கு. தாங்கள் வாரியத்தின் இணையதளத்தில் பதினோரு நிமிடம் நாற்பது விநாடி தக்க காரணமின்றி அலைந்து திரிந்தது ஆய்வில் தெரியவந்துள்ளது. தாங்கள் எதற்காக வந்தீர்கள் என்பதை மூன்று நாட்களுக்குள் தெளிவாக விளக்க வேண்டும். விளக்கத்தை இணையதளத்தின் உரிய பக்கத்தில் பதிவேற்றவும்.'"

தாளை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

"கையெழுத்து உன்னுதுடா. ஸ்கூல்ல படிக்கிறப்போ போட்ட அதே சுழி. மாறவே இல்லை."

"அப்பா... அது... நம்பர்தாம்பா இருக்கும். ஆளு யாருன்னு எங்களுக்குத் தெரியாது. முகம் காட்ட மாட்டாங்க. கை மட்டும்தான்..."

அங்கேயே நின்றுவிட்டான். கை என்ற வார்த்தைக்கு மேல் போக முடியவில்லை. கேக் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டான். அப்பா தாளைப் பிடித்திருந்தார். குட்டை விரல் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"சிரிச்சாங்களாம்மா?" என்று மருமகளைக் கேட்டார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புதுக் கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

கேன் நிறைந்து வழியத் தொடங்கியது. அவர் குனிந்து குழாயை மூடினார். கேனின் பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். பாதி உயரத்துக்கு மேல் கேன் எழவில்லை. கீழே வைத்துவிட்டார். அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். தாளை நான்காக மடித்து மகன் பக்கம் நீட்டினார்.

"எதுக்காக வந்தேன்னு விளக்கம் கேட்டிருக்கீங்க. உரிய பக்கம் எதுன்னு எனக்குத் தெரியலை. நீயே வந்து நிக்கறே. வாயாலேயே சொல்லிடறேன்."

மகன் நிமிர்ந்தான்.

"தம்பி, எனக்குத் தண்ணி வேணும்."